கேரியரில் ஏறிய பிழைப்பு

நெருளில் பொழுது புலரும் முன்பே கேட்கத் தொடங்கும் ஓசைகள் இரண்டு. ஒன்று, ஹார்பர் லைனில் ஓடும் லோக்கல் வண்டியின் ஓசை. மற்றொன்று, இட்லிக்காரரின் சைக்கிள் ஹாரன். ரப்பர் பந்தை அழுத்தி அவர் எழுப்பும் 'பாம் பாம்' சத்தம் கேட்டதும் செக்டர் வீடுகளின் ஜன்னல்கள் திறக்கின்றன. மராத்தியர், குஜராத்தியர், வங்காளி என்ற பேதமின்றி எல்லோருக்கும் அவர் 'அண்ணா'தான். அறுபது வயதுப் பாட்டியும் 'அண்ணா' என்கிறாள். ஆறு வயதுப் பேரனும் 'அண்ணா' என்கிறான்.

அந்த அண்ணாவின் கடைக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, வாடகையும் கிடையாது. முழுக் கடையும் சைக்கிளின் பின் கேரியரில் இருக்கிறது. நடுவில் இட்லிப் பாத்திரம், ஒரு பக்கப் பையில் சாம்பார்த் தூக்கு, மறு பக்கப் பையில் சட்னியும் தண்ணீரும் தட்டுகளும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குடும்பமே பாடுபட்டு ஆக்கியதெல்லாம் நான்கு நட்டுகளையும் இரண்டு முழக் கயிற்றையும் நம்பித் தெருவில் இறங்குகிறது.

அந்தக் கயிறு அவிழ்ந்தால்? பை சரிந்து சக்கரத்துக்குள் போனால்? ஒரு நாள் முதல் போகும். சூடான சாம்பார் காலில் கொட்டினால் ஒரு மாதப் பிழைப்பும் போகும். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் எதெது போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவேதான் சைக்கிள் கேரியரில் பை கட்டுவது என்ற சின்ன விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

நெருளுக்கு வந்த தமிழர்

பம்பாயின் நெரிசலைக் குறைக்கக் கடற்கழிக்கு அப்பால் புதிய நகரம் ஒன்றை எழுப்புவதற்காக 1970-ல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டது. தாணே கடற்கழியின் மீது 1973-ல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. ஆனால் ரயில் வருவதற்கு மேலும் 19 ஆண்டுகள் ஆயின. மான்குர்டிலிருந்து வாஷிக்கு 1992-ல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே நெருளையும் தொட்டது. நவி மும்பை மாநகராட்சி ஏற்பட்டதும் 1992-ல்தான்.

ரயில் வந்ததும் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்திய பல தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் பெயர்ந்தன. குமாஸ்தாக்கள் வந்தார்கள், தொழிற்சாலைத் தொழிலாளிகள் வந்தார்கள். 1932-ல் மாதுங்காவில் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கமும் நெருளில் பெரிய கல்வி வளாகம் கண்டது. அவர்களுக்குப் பின்னாலேயே இட்லியும் சைக்கிளில் வந்து சேர்ந்தது.

சைக்கிளை நம்பி வாழ்பவர் இட்லிக்காரர் மட்டும் அல்லர். சிரவணே பக்கத்துத் தொழிற்பேட்டைக்குச் சோற்றுத் தூக்குடன் போகும் தொழிலாளி, காய்கறி கட்டிக்கொண்டு வரும் வியாபாரி, பால் பாக்கெட்டும் பத்திரிகையும் போடும் பையன், ஸ்டேஷன் வரை சைக்கிளில் வந்து லோக்கல் பிடிக்கும் குமாஸ்தா எல்லோருக்கும் பின் கேரியர்தான் துணை.

பழைய வித்தைதான்!

இரண்டு பக்கமும் சமமாகப் பொதி ஏற்றும் வித்தை தமிழனுக்குப் புதிதன்று. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மிளகு வணிகர்களின் கழுதைச் சாத்தைக் காட்டுகிறார். பலாப்பழம் போல் பருத்த மிளகுப் பொதி கழுதை முதுகின் இருபுறமும் ஒத்த எடையாக அமைந்திருக்கிறதாம். சுமை உராய்ந்து உராய்ந்து அந்த முதுகில் வடு விழுந்திருக்கிறதாம். சமமான சுமை, உராய்ந்த முதுகு என்ற இரண்டையும் புலவர் கவனித்திருக்கிறார். இன்றைக்குச் சைக்கிளில் பை கட்டுபவரும் இவ்விரண்டையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

காவடி எடுப்பவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஒரு பக்கம் இரண்டு குடம், மறு பக்கம் ஒரு குடம் என்றால் தோள் தாங்காது, நடையும் கோணும். சைக்கிள் ஹாலந்து நாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே கேரியரின் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் இரட்டைப் பைகள் சர்வ சாதாரணம். 1890 வாக்கில் தொடங்கியதாகச் சொல்லப்படும் மும்பை டப்பாவாலாக்களின் தொழிலிலும் சைக்கிளுக்குப் பெரும் பங்கு உண்டு. சாப்பாட்டு டப்பாக்களை ஹேண்டில்பாரின் இரு பக்கமும் கேரியரின் இரு பக்கமும் அவர்கள் சரிபாதியாகத் தொங்கவிட்டுப் போவதைச் சர்ச்கேட் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

முதலில் கேரியரைப் பாருங்கள்

பை வாங்கக் கடைக்கு ஓடுமுன் கேரியரைச் சோதிக்க வேண்டும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் கேரியரின் முன்பக்கம் சீட்டுக்குக் கீழே கிளாம்பினால் பிடிக்கப்பட்டிருக்கும். பின் கால்கள் இரண்டும் சக்கரத்தின் அச்சில் நட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். அதே அச்சு நட்டுதான் மட்கார்ட் கம்பியையும் ஸ்டாண்டையும் செயின் இறுக்கியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நட்டுக்கு ஐந்து வேலை! அது தளர்ந்தால் கேரியர் ஆடும், சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், செயின் கழலும்.

எனவே புதிதாகக் கேரியர் போட்டவர்கள் முதல் வாரம் முழுவதும் தினமும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். இரும்பும் பெயின்டும் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும்வரை நட்டு இளகத்தான் செய்யும். பிறகு வாரம் ஒரு முறை போதும். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் வாசர் இருக்கட்டும். வெல்டிங் வைத்த இடங்களில் துருக் கோடு தெரிந்தால் அது கீறல் என்று சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட கேரியரில் சுமை ஏற்றக் கூடாது.

எவ்வளவு சுமை ஏற்றலாம்? சாதாரணக் கேரியர்கள் பலவற்றில் 25 கிலோதான் உச்ச வரம்பு என்று பொறித்திருப்பார்கள். இட்லிக்காரர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் இட்லி 50 கிராம் என்றால் 200 இட்லி 10 கிலோ. சாம்பார் 6 லிட்டர், ஏறக்குறைய 6 கிலோ. சட்னி 3 கிலோ. பாத்திரமும் தட்டுகளும் 4 கிலோ. ஆக 23 கிலோ. இதற்கு மேல் 5 லிட்டர் குடிதண்ணீர் ஏற்றினால் 28 கிலோ! வரம்பு தாண்டிவிட்டது. தண்ணீரைக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வழியில் நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் கனத்த கம்பியில் இரட்டைக் கால் வைத்த கேரியரைச் செய்து போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பது ஏன் என்று பலர் யோசித்ததில்லை. ஓட்டுபவரின் பாரமும் சுமையும் பின்னால் விழுவதால்தான் அங்கே 8 கம்பி கூடுதல். அந்த நாற்பதில் இரண்டு கம்பி உடைந்தாலும் மற்றவை மீது பாரம் ஏறிச் சக்கரம் கோணத் தொடங்கும். 1949-ல் தொடங்கப்பட்ட சென்னை டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவின் ஹீரோ ஆனாலும், 2020-ல் உற்பத்தி நின்றுபோன அட்லஸ் ஆனாலும் இந்த விதி ஒன்றுதான்.

பை எப்படி இருக்க வேண்டும்?

பை தைக்கும் வேலையில் மும்பைத் தமிழருக்குப் பழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். பதனிடும் தொழில் பின்னர் தாராவியை விட்டுப் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. ஆனால் தோல் பைகளும் ரெக்சின் பைகளும் தைக்கும் பட்டறைகள் இன்றும் அங்கே உண்டு. அளவு சொன்னால் இஷ்டப்படி தைத்துத் தருவார்கள்.

சைக்கிளுக்குத் தோல் தேவையில்லை. மழையில் நனைந்தால் தோல் விறைக்கும், விலையும் அதிகம். கனத்த கித்தான் போதும். தைக்கக் கொடுக்கும்போது நான்கு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, இரு பைகளையும் இணைக்கும் நடுப்பட்டை கேரியரின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் பைகள் தொய்ந்து கீழே இறங்கும். குறைந்தால் பை வெளியே பிதுங்கி நிற்கும்.

இரண்டாவது, சக்கரத்தை ஒட்டிய உட்பக்கத்தில் மெல்லிய பிளைவுட் பலகை வைத்துத் தைக்க வேண்டும். பலகை இல்லாத பை, சுமை ஏறியதும் தொந்தி போல் உள்ளே சரிந்து ஸ்போக்ஸ் கம்பியைத் தொடும். லேடீஸ் சைக்கிளில் சேலை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்துக்குத் தடுப்பு வைக்கிறார்கள் அல்லவா? அதே போலக் கேரியருக்கும் அச்சுக்கும் இடையே இரு பக்கமும் ஒரு கம்பி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, பையின் அடியில் இரட்டைத் துணி வேண்டும். சுமை முழுவதும் அங்கேதான் உட்காருகிறது.

நான்காவது, கீழ் மூலையில் ஒரு வார் வைத்து, அதைக் கேரியர் காலில் சுற்றிப் பக்கிள் போடும்படி செய்ய வேண்டும். மேலே மட்டும் மாட்டிய பை ஒவ்வொரு பள்ளத்திலும் ஊஞ்சல் ஆடும். கீழேயும் கட்டிய பைதான் அசையாது.

கட்டும் முறை

முதலில் வெறும் பையைக் கேரியரில் போட்டு, சீட்டில் உட்கார்ந்து பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் பையை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளுங்கள். செருப்பு அணிபவரைவிட பூட்ஸ் அணிபவருக்குக் குதிகால் நீண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் ரொம்பவும் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் சொன்னபடி கேட்காது. குதிகால் இடிக்காத அளவுக்கு முன்னால் என்பதே கணக்கு.

கனமான பொருள் பையின் அடியில், லேசானது மேலே. இரு பையையும் இரு கையில் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரிந்துவிடும். அனுபவப்பட்டவர்கள் இதில் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். சாம்பாரை ஒரு பக்கமும் சட்னியையும் தண்ணீரையும் மறு பக்கமும் வைத்தால், விற்க விற்க இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் குறைந்துகொண்டே வரும். சாம்பாரும் சட்னியும் ஒரே பக்கம் இருந்தால் காலையில் சமமாகப் புறப்பட்ட வண்டி பத்து மணிக்குக் கோணிக்கொண்டு திரும்பும்!

நடுவில் உட்காரும் இட்லிப் பாத்திரத்துக்குக் கேரியரின் ஸ்பிரிங் கிளிப் பிடிப்பு மட்டும் போதாது. கேரியரின் மேல் ஒரு பலகையை முடுக்கி, பாத்திரத்தின் அடி அடங்கும்படி ஓரத்தில் சட்டம் அடித்துவிட வேண்டும். பாத்திரம் அதில் உட்கார்ந்தபின் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கட்டு. ஒரே திசையில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மற்ற திசையில் நழுவவே செய்யும்.

எந்தக் கயிறு நல்லது? சணல் கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் கயிறு வழவழப்பால் முடிச்சு நழுவும். இரட்டை முடிச்சு போட வேண்டும். இவற்றைவிடச் சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பழைய டியூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர் வார் சிறந்தது. வண்டி குலுங்கும்போது அது நீண்டு கொடுத்து, மறுபடி தானே இறுகிக்கொள்கிறது. வெயிலிலும் எண்ணெயிலும் ரப்பர் வெடிக்கும். வெடிப்பு கண்டதும் மாற்றிவிட வேண்டும்.

இரு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறும் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துபவர் முகத்தை நேரே வைத்து இழுக்கக் கூடாது. கொக்கி நழுவித் தெறித்துக் கண்ணில் பட்டுப் பார்வை போனவர்கள் பல நாடுகளில் உண்டு.

எல்லாம் கட்டியபின் தொங்கும் முனைகளைச் செருகிவிட வேண்டும். அலட்சியமாக விட்ட ஒரு சாண் கயிறு ஸ்போக்ஸில் சுற்றிக்கொண்டால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடைசியாகச் சைக்கிளைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். சைக்கிளும் சுமையும் ஒன்றாக அசைந்தால் கட்டு சரி. சைக்கிள் நின்றபின் சுமை ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

குமாஸ்தா அன்பர்களுக்கு

ஸ்டேஷன் வரை சைக்கிளில் வரும் அன்பர்கள் டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது ஆட ஆட ஹேண்டிலும் ஆடும். திருப்பத்தில் முன் சக்கரத்தில் இடிக்கும். பின் பையில் நிமிர்த்தி வைத்து, இடைவெளியில் துண்டைச் செருகினால் குழம்பு சிந்தாது. குடையைக் கேரியரில் நீளவாக்கில் கட்ட வேண்டும். குறுக்கே கட்டிய குடை பக்கத்தில் போகிறவர் விலாவைக் குத்தும். ஸ்டேஷனில் சைக்கிளை விடும்போது பையைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதே உத்தமம்.

மழையும் சாலையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மழை எப்படி இருக்கும் என்பது வாசகர்கள் அறிந்ததே. பழைய முறைச் சைக்கிளில் பிரேக் கட்டைகள் இரும்பு ரிம்மைப் பிடிக்கின்றன. நனைந்த இரும்பில் ரப்பர் கட்டை வழுக்கும். பின்னால் 25 கிலோ வேறு இருந்தால் வண்டி நிற்கும் தூரம் வெகுவாகக் கூடும். ஆகவே மழையில் நாலு கஜம் முன்னதாகவே பிரேக்கைத் தொட்டு, ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்த வேண்டும். சுமை ஏற்றும் நாளில் பின் டயரில் காற்று கெட்டியாக இருக்கட்டும். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் அடிபட்டு ரிம் நசுங்கும்.

பைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, உறையின் வாயைக் கீழே கட்டிவிட்டால் பண்டம் நனையாது. ஆனால் அந்த உறையோ பையோ பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியை மறைத்துவிடக் கூடாது. சயான் - பன்வேல் நெடுஞ்சாலை நெருளை ஒட்டியே ஓடுகிறது. அதில் இருட்டோடு வரும் லாரிக்காரருக்குச் சைக்கிள் இருப்பதைக் காட்டுவது அந்தச் சின்னக் கண்ணாடி ஒன்றுதான். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் கணக்கு கூறுகிறது. பையின் வெளிப்பக்கத்திலும் பளிச்சிடும் பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்வது பெரிய செலவல்ல.

சுமையோடு நிற்கும் சைக்கிளை ஒற்றைக் கால் ஸ்டாண்டில் சாய்க்கக் கூடாது. இரட்டைக் கால் ஸ்டாண்டு அவசியம். இறக்கும்போது ஒரு பக்கப் பையை முழுவதும் காலி செய்துவிட்டு மறு பக்கத்துக்கு வரக் கூடாது. மாற்றி மாற்றி இறக்க வேண்டும். வெயிலில் இளகிய தார்ச் சாலையில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைப்பது நல்லது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

தெரு வியாபாரிக்குப் பள்ளம் மேட்டைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. மாநகராட்சி வண்டி வந்து சைக்கிளையும் பாத்திரத்தையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுமே என்ற பயம்! தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பவரோடு, சுற்றிச் சுற்றி விற்பவரையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விற்பனைச் சான்றிதழ் வழங்கவும் அதில் வழி இருக்கிறது.

பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் தர வேண்டும். உரியவர் வந்து கேட்டுக் கட்டணம் செலுத்தினால், கெட்டுப்போகாத பொருளை 2 வேலை நாட்களுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். இட்லியும் சட்னியும் எந்த வகை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா அன்பர்கள் தங்கள் தெருவுக்கு வரும் அண்ணாவிடம் இந்த விவரத்தைச் சொல்லி, சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுத்தால் அது பெரிய உதவியாக இருக்கும்.

கால் மணி நேரம் போதும்

நட்டு முடுக்க ஐந்து நிமிடம். பை சமன் பார்க்க ஐந்து நிமிடம். கட்டி இறுக்க ஐந்து நிமிடம். தினமும் காலையில் இந்தக் கால் மணி நேரம் நஷ்டம் என்று நினைப்பவர் உண்டு. வாடிக்கைக்காரர் காத்திருக்கிறார், பக்கத்துத் தெருவில் போட்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார் என்ற அவசரம் நியாயமானதே. ஆனால் கட்டு அவிழ்ந்து நடுத் தெருவில் சரிந்த பாத்திரத்தை எடுத்து நிறுத்தினாலும், உருண்டு மண்ணில் புரண்ட இட்லியை யாரும் வாங்கப் போவதில்லை.

அந்தப் பாத்திரத்தில் ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்பும் மணியார்டர் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் தவணை இருக்கிறது. இத்தனையையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் சைக்கிளுக்கு, புறப்படும் முன் ஒரு முறை நட்டைத் தொட்டுப் பார்த்து, கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்ப்பது அதிகமான மரியாதை ஆகாது.